டிசம்பர் வைக்கும் கெடு

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட வேண்டிய சின்னஞ்சிறு அலங்காரத்தை டிசம்பர் 28-ஆம் தேதி தைத்து முடிப்பவருக்கு அந்த ஆண்டு அதனால் பயனில்லை. கட்டத் துணியில் பெருக்கல் குறிபோல் தைக்கும் கிராஸ் ஸ்டிட்ச்சில் பூங்கொத்தோ பூனைக்குட்டியோ எந்த மாதம் முடிந்தாலும் சுவரில் ஏறிவிடும். பருவகாலத் தையலுக்கு மட்டும்தான் இப்படி ஒரு தேதி. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்தக் கைவேலையில் ஊறியவர்கள் ஜூலை வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனிமனிதனைத் தைப்பது இதனால்தான். அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீனுக்கு வேண்டிய பூசணிக்காயும் சூனியக்காரியும் கோடை தொடங்குமுன்பே துணிக்கு வந்துவிடுவதுண்டு.

இந்தக் கெடுவை இவ்வழக்கத்தின் முதல் பலம் என்பேன். அதைச் சுற்றி வளர்ந்திருக்கும் ‘எவ்வளவு ஆயிற்று, எத்தனை முடிந்தது’ என்ற கணக்குப் பழக்கம்தான் கோளாறு.

கெடு ஏன் பலம் என்பதற்குக் கொஞ்சம் கூட்டல் பெருக்கல் வேண்டும். பரவலாகப் புழங்கும் ஐடா துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். நம் ஊர்த் தையல் வகுப்பில் வாங்கிவரச் சொல்லும் மேட்டி துணியும் இதே இனம்தான். பத்து அங்குலச் சதுரத்தை முழுக்க நிரப்பினால் 140-க்கு 140, ஆக 19,600 தையல். மணிக்கு 100 தையல் போடும் கைக்கு அது 196 மணி நேரம். வேலையும் சமையலும் முடிந்து தினம் அரை மணி நேரம் கிடைத்தால் ஆண்டு முழுவதும் சேர்த்தும் 182 மணி நேரம்தான் தேறும். ஜனவரி முதல் தேதி தொடங்கினாலும் கிறிஸ்துமஸ் வந்துபோய்விடும். மரத்தில் தொங்கும் துண்டோ மூன்று அங்குலம். பின்னணியை வெற்றுத் துணியாக விட்டால் 900 தையலுக்குள் அடங்கும். அதே அரை மணி நேரத்தில் மூன்று வாரம் போதும். மாதம் ஒன்று வீதம் 12 துண்டு தைத்து டிசம்பரில் ஒரு மரத்தையே நிரப்புபவர்கள் உண்டு. தன் நேரத்துக்கு எது அடங்கும், எது அடங்காது என்பதைத் தையல்காரருக்கு நேர்மையாகச் சொல்வது தேதிதான். கெடு இல்லாத பெரிய நிலக்காட்சி அந்த உண்மையைப் பத்து ஆண்டுகள்கூட மறைத்து வைக்கும்.

ஆனால் தேதியை நோக்கி நடப்பதை அளக்கத் தொடங்கியதும் சிக்கல் வருகிறது. முன்னேற்றம் இப்போது சதவீதத்தில் பேசப்படுகிறது. போட்ட தையலைத் திரையில் தட்டிக் குறித்துக்கொண்டால் தானே கூட்டிச் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு படம் எடுத்துப் போன வாரப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இந்த அளவுகோல் கைவேலையின் தன்மைக்குப் பொருந்துவதில்லை. சாண்டாவின் சிவப்பு அங்கியில் ஒரே நிறம் வரிசை வரிசையாக ஓடும். ஒரு மாலையில் 300 தையல்கூடப் போடலாம். அதே சாண்டாவின் தாடியில் வெள்ளை, சாம்பல், வெளிர்நீலம் என்று ஒன்றிரண்டு கட்டத்துக்கு ஒருமுறை நிறம் மாறும். கான்ஃபெட்டி என்று தையல்காரர்கள் அலுத்துக்கொள்ளும் பகுதி இது. ஊசியில் நூலை மாற்றுவதிலேயே மாலை போய்விடும். படத்தில் ஒன்றும் தெரியாது. வேலையில் கடினமான பகுதி எதுவோ அதுவே கணக்கில் மிகக் குறைவாகத் தெரிகிறது. இதனால் கணக்கை உடனே நிறைக்கும் பெரிய வண்ணப் பரப்புகளின் மேல் ஆசை வருகிறது, தாடி தள்ளிப்போகிறது.

பேக் ஸ்டிட்ச்சின் கதையும் இதுவே. எல்லாக் கட்டமும் நிரம்பிய பிறகும் பல டிசைன்களில் முகம் வெறும் நிறத்திட்டாகத்தான் இருக்கும். கண், மூக்கு, கையுறையின் விரல் எல்லாம் கடைசியில் ஓடும் மெல்லிய பேக் ஸ்டிட்ச் கோட்டில்தான் பிறக்கின்றன. செயலி 100 சதவீதம் காட்டுகிறது. துணியில் இன்னும் சாண்டா வரவில்லை.

கடைசித் தையலோடு முடிந்தது என்று அறிவித்துவிடுவது இதைவிடப் பெரிய ஏமாற்று. தைத்த துணியைத் துவைக்க வேண்டும், தலைகீழாகப் போட்டு இஸ்திரி போட வேண்டும், ஓரம் வெட்டி அட்டையில் இழுத்துக் கட்ட வேண்டும் அல்லது பஞ்சு அடைத்துச் சிறு தலையணையாக்கிக் கயிறு தைக்க வேண்டும். இது வேறொரு தொழில். ஊசி வேலையில் தேர்ந்த பலருக்கு இந்தப் பகுதி வராது. படச்சட்டம் போடுபவரிடம் கொடுத்தால் நூலுக்கும் துணிக்கும் ஆன செலவைப் போல் பல மடங்கு கேட்பார். ஆகவே ‘முடிந்த’ துண்டுகள் இழுப்பறையில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. மரத்தில் ஏறாத அலங்காரத்தை முடிந்தது என்று எண்ணிக்கையில் சேர்ப்பது கணக்குக்கு உதவும், மரத்துக்கு உதவாது. இந்தத் துறையிலேயே கடைசித் தையலை ஒரு முடிவாகவும், பயன்பாட்டுக்கு வந்த நிலையை முழு முடிவாகவும் பிரித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பிரிப்பது நல்லதுதான். முதல் முடிவுக்கே முழுப் பாராட்டும் கிடைத்துவிடும்போது இரண்டாவதற்கு யார் மெனக்கெடுவார்கள்?

அவசரத்தின் விலை துவைக்கும்போதும் தெரியும். கிறிஸ்துமஸ் என்றால் சிவப்பு. டி.எம்.சி. நூலில் 321, 498 போன்ற சிவப்புகள் இந்தப் பருவத்தில் ஓயாமல் செலவாகும். 1746-இல் இன்றைய பிரான்சின் முல்ஹவுஸ் நகரில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் நூல் சாயம் நிற்பதற்குப் பெயர் பெற்றதுதான். ஆனாலும் ஆழ்ந்த சிவப்பை வெள்ளைத் துணியில் வைத்தவர் குளிர்ந்த நீரில் பொறுமையாக அலசித்தான் ஆக வேண்டும். டிசம்பர் 23 இரவு அந்தப் பொறுமை இருக்காது. இளஞ்சிவப்பான பனியை மறுநாள் காலையில் பார்ப்பதற்குத் தனி மனவலிமை வேண்டும்.

கட்டத்தாளைப் பார்த்து எண்ணித் தைப்பது கைவேலையா, வெறும் நகலா என்ற கேள்வி பழையது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் அச்சகங்கள் கட்டத்தாளில் கையால் வண்ணம் தீட்டிய டிசைன்களை விற்கத் தொடங்கின. ஐரோப்பா முழுக்க அது காட்டுத்தீயாய்ப் பரவியது. எதிர்ப்பும் வந்தது: 1872-இல் லண்டனில் தொடங்கிய கலைத் தையல் பள்ளி, இன்றைய ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க், அந்த எண்ணும் தையலின் ஆதிக்கத்துக்கு மாற்றாக அலங்காரத் தையலின் பழைய நுட்பங்களை மீட்க நினைத்தது. இந்தக் குற்றச்சாட்டில் எனக்குப் பாதி உடன்பாடுதான். டிசைன் இன்னொருவருடையதாக இருப்பதால் கையின் உழைப்பு பொய்யாகிவிடாது. ஆனால் பருவகாலச் சந்தை அந்தப் பழைய குறையைப் பெருக்கியிருக்கிறது. ஆண்டுதோறும் புது சாண்டா, புது மான், புதுச் சிவப்புக் குருவி வருகின்றன. போன ஆண்டு சாண்டா பாதியில் நிற்கையில் புது டிசைனைத் தொடங்குவதே ஒரு கொண்டாட்டமாகிறது. வாங்கிச் சேர்த்த நூலும் துணியும் ஒருவர் ஆயுளுக்கும் மிஞ்சும் என்று தையல்காரர்களே சிரித்துக்கொள்கிறார்கள். தேதி தரும் ஒழுங்கை, தேதியைக் காட்டி விற்கும் கடையே கலைத்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் மாதத்தில் வீட்டின் சமையல், பரிசு, விருந்தினர் என எல்லாம் பெரும்பாலும் பெண்ணின் தலையில்தான். தையல் பெண்ணை அடக்கவும் பயன்பட்டது, அவள் தன்னைச் சொல்லிக்கொள்ளவும் இடம் தந்தது என்று ரோசிகா பார்க்கர் 1984-இல் வெளியான ‘தி சப்வெர்சிவ் ஸ்டிட்ச்’ நூலில் காட்டினார். கெடு வைத்த தையலில் இந்த இரண்டு முகமும் ஒரே மடியில் கிடக்கின்றன. ஜூலையில் ஓய்வாக இருந்த ஊசி டிசம்பரில் இன்னொரு கடமையாகிவிடுகிறது. முடிக்காவிட்டால் குற்றவுணர்ச்சி வேறு.

டிசைன்களில் வரும் பருவமும் எல்லாருடையதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் கிறிஸ்துமஸ் நடுக்கோடையில் வருகிறது. அங்கேயும் பனிமனிதன்தான் அதிகம் தைக்கப்படுகிறான் என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டிசைன் எங்கிருந்து வருகிறதோ அந்த ஊர்க் குளிரும் கூடவே வரும். நாகர்கோவில் பக்கத்து வீட்டு வாசலில் தொங்கும் நட்சத்திர விளக்கையும் உள்ளே வைக்கும் குடிலையும் டிசைன் புத்தகங்களில் தேடிக் கண்டெடுப்பது கடினம். மதுரா கோட்ஸின் ஆங்கர் நூல் கிடைக்கும் ஊரில் கட்டத்தாளும் பென்சிலும் கிடைக்காமல் போகாது. வரைய ஆள்தான் வேண்டும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்த வழக்கத்தை நான் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் காலுறை. பிள்ளைகளுக்குப் பரிசு போட்டுத் தொங்கவிடும் பெரிய கிறிஸ்துமஸ் காலுறையைச் சொல்கிறேன். டைமன்ஷன்ஸ் கிட்களில் அது 16 அங்குல நீளம். துணி நிறையப் படம், ஏகப்பட்ட நிறங்கள், முக்கால் தையலும் அரைத் தையலும் கலந்த வேலை. பலருக்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். கெடுவைத் தவறவிட்டால் அடுத்த டிசம்பருக்கு நகரும். ஆனாலும் இவை முடிகின்றன, இழுப்பறையில் தங்குவதுமில்லை. கேட்டு நிற்க ஒரு குழந்தை இருக்கிறது. அண்ணனுடையது ஏற்கெனவே தொங்குகிறது. மூன்றாவது பேரப்பிள்ளைக்குத் தைக்க வரும்போது முதல் இரண்டோடு ஜோடி சேரும் கிட்டின் உற்பத்தி நின்றிருக்கும். பாட்டிகள் பழைய சரக்கைத் தேடி அலைந்து கேட்ட விலை கொடுக்கிறார்கள். சதவீதம் பேசும் கூட்டத்தில் இந்தப் பாட்டிகளை அவ்வளவாகக் காண முடிவதில்லை.

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் பாஸ்டாக் தைத்த துணி ஒன்று இருக்கிறது. தேதி பொறித்த பிரிட்டிஷ் தையல் மாதிரித் துணிகளில் அதுவே மிகப் பழையது, ஆண்டு 1598. அதில் ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பரில் பிறந்த செய்தியும் தைத்து வைக்கப்பட்டிருக்கிறது. காலுறையின் மேல்மடிப்பிலும் குழந்தையின் பெயர்தான் வருகிறது. அந்த எழுத்துகளுக்கு அதிகத் தையல் ஆகாது. பிள்ளை பிறக்குமுன்பே தைக்கத் தொடங்கியவர்கள் மற்ற எல்லாவற்றையும் முடித்துவிட்டு அந்த மடிப்பை மட்டும் வெற்றாக வைத்திருப்பார்கள். வீட்டில் பெயர் முடிவாகும் வரை அங்கே ஊசிக்கு வேலையில்லை.