காற்றுக்குக் காத்திருக்கும் மொனார்க்

கனடாப் பெருநிலத்தின் தென்முனை, ஈரி ஏரிக்குள் கூராக நீளும் பாயிண்ட் பீலி. செப்டம்பரில் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளைப் பார்க்க விடியும்போதே அங்கே போய்விட வேண்டும். கிளைகளில் காய்ந்த சருகுகள் கொத்துக்கொத்தாகத் தொங்குவதுபோல் இருக்கும். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகத் திறந்து ஆரஞ்சு நிறம் காட்டும். இறக்கை விரித்துக் குளிர்காயும் அந்தச் சில நிமிடங்களில் நிதானமாகப் பார்க்கலாம்: பின்னிறக்கை நரம்பின்மேல் சின்னக் கரும்பொட்டு இருந்தால் ஆண், பொட்டில்லாமல் கறுப்புக் கோடுகள் தடிப்பாக இருந்தால் பெண்.

எதிர்க்காற்று வீசினால் ஏரியைத் தாண்டாமல் தங்கிவிடும்; வடகாற்று வந்தால் கிளம்பும். எடை அரை கிராம்தான். போக வேண்டிய மெக்சிகோ மலைக்காடுகளோ ஏறக்குறைய 3,000 கிலோமீட்டருக்கு அப்பால். கோடையில் பிறந்தவை சில வாரங்களில் மடிந்துவிடும். இந்தத் தலைமுறை மட்டும் இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போட்டு எட்டு மாதம்வரை வாழும். வழி சொல்லித்தர முன்னே போய்வந்தவை எதுவும் உயிரோடில்லை. சூரியனும் உடலுக்குள் ஓடும் கடிகாரமும்தான் திசைகாட்டி.

அவை குளிர்காலத்தைக் கழிக்கும் இடம் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது 1975இல்தான். அந்த மலைக்கிராமத்தாருக்கோ அவை வருஷம் தவறாமல் வரும் விருந்தாளிகள்.