புறக்கணிக்கப்பட்ட எச்சரிக்கை: 1970களின் ஹாலிவுட் பேரிடர்த் திரைப்படங்களின் மரபும் ஈர்ப்பும்

ஆய்வுச்சுருக்கம்

1970களின் ஹாலிவுட் பேரிடர்த் திரைப்படங்கள், அழிவைக் காட்சிப்பொருளாக்கும் வணிகப் படைப்புகள் என்றே பெரிதும் மதிப்பிடப்படுகின்றன. ‘தி போசைடன் அட்வென்ச்சர்’ (1972), ‘எர்த்குவேக்’ (1974), ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’ (1974) ஆகிய மூன்று படங்களை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு, இவ்வகைமையின் மையம் அழிவன்று, அழிவுக்கு முன் புறக்கணிக்கப்படும் எச்சரிக்கையே என இக்கட்டுரை வாதிடுகிறது. பேரிடரை மனித முடிவுகளோடு பிணைத்துக் காட்டும் இம்மரபு, அம்முடிவுகளுக்கான பொறுப்பை எவ்வாறு கையாள்கிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பேரிடர்த் திரைப்படம், வகைமை மரபு, எச்சரிக்கை, பெருமிதம், பொறுப்பு.

முன்னுரை

ஆர்தர் ஹெய்லியின் நாவலைத் தழுவி 1970இல் வெளிவந்த ‘ஏர்போர்ட்’ திரைப்படத்தின் வெற்றி, அப்பத்தாண்டின் பேரிடர்ப் படங்களுக்கு வழிதிறந்தது. தயாரிப்பாளர் இர்வின் ஆலன் அவ்வழியில் ‘தி போசைடன் அட்வென்ச்சர்’, ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’ ஆகியவற்றை உருவாக்கினார். 1980இல் ‘ஏர்பிளேன்!’ என்னும் நையாண்டிப் படம் இவ்வகைமையின் மரபுகளைக் கேலிப்பொருளாக்கியது. ‘போசைடன்’ கப்பலின் தலைவராக நடித்த லெஸ்லி நீல்சனே அதிலும் இறுகிய முகத்துடன் தோன்றி நகைப்பூட்டினார். ஒரு வகைமை கேலிக்கு உள்ளாக வேண்டுமாயின் அதன் மரபுகள் பார்வையாளர்க்கு மனப்பாடமாகியிருக்க வேண்டும். அம்மரபுகள் எவை, அவை தரும் இன்பம் எத்தகையது என்னும் வினாக்களே இக்கட்டுரைக்கு அடிப்படை.

சூசன் சொன்டாக் 1965இல் எழுதிய கட்டுரை, அறிவியல் புனைகதைத் திரைப்படங்களில் அழிவைக் காண்பதன் அழகியல் இன்பத்தை ஆராய்ந்தது. மாரிஸ் யாகோவர் 1977இல் பேரிடர்ப் படங்களை வகைப்படுத்தி அவற்றின் மரபுக்கூறுகளைத் தொகுத்தார். இவ்விரு நோக்குகளையும் ஏற்றுக்கொள்ளும் இக்கட்டுரை, அழிவு நிகழ்வதற்கு முந்தைய பகுதியின்மீது கவனத்தைக் குவிக்கிறது.

வகைமையின் கட்டமைப்பு

இப்படங்களின் கதைக்களம் பெரும்பாலும் மூடுண்டது. கவிழ்ந்த கப்பல், எரியும் கோபுரம், பறக்கும் விமானம் என வெளியேறுதல் அரிதான இடமே தேர்ந்தெடுக்கப்படுகிறது. அவ்விடத்தில் வயது, வருவாய், தொழில் ஆகியவற்றால் வேறுபட்ட மனிதர்கள் ஒன்றுசேர்கின்றனர். ‘போசைடனில்’ புத்தாண்டு இரவு விருந்தும், ‘இன்ஃபெர்னோவில்’ கோபுரத் திறப்பு விழாவும் அவர்களை ஒன்றுகூட்டுகின்றன. கொண்டாட்டத்தின் உச்சத்திலேயே இடர் நுழைகிறது.

புகழ்பெற்ற நடிகர் பலரை ஒரே படத்தில் நிறுத்துவதும் மரபு. ‘இன்ஃபெர்னோ’ விளம்பரத்தில் ஸ்டீவ் மெக்வீன் பெயர் இடப்புறம் தாழவும், பால் நியூமன் பெயர் வலப்புறம் உயரவும் அமைக்கப்பட்டன. இருவரும் முதலிடம் பெற்றதாகத் தோன்றச் செய்த ஏற்பாடு அது. இவ்வணிக உத்திக்குக் கதைசார்ந்த பயனும் உண்டு. ஒரே நாயகன் உள்ள படத்தில் அவன் பிழைப்பான் என்று பார்வையாளர் எளிதில் ஊகிப்பர். நாயகர் பலராகும்போது எவர் மாள்வார் என்பது ஐயத்துக்குரியதாகிறது.

எச்சரிக்கையின் இடம்

மூன்று படங்களிலும் இடருக்கு முன் எச்சரிக்கை ஒன்று ஒலிக்கிறது. ‘போசைடன்’ தன் இறுதிப் பயணத்தில் உள்ள முதிய கப்பல். நிலைப்பாரம் போதாமையால் வேகத்தைக் கூட்டுதல் ஆபத்தானது எனத் தலைவர் கூறுகிறார். காலத்தாழ்வைப் பொறாத உரிமையாளர் தரப்புப் பிரதிநிதி முழுவேகத்தை வற்புறுத்துகிறார். கடலடி நிலநடுக்கம் எழுப்பிய பேரலை அதன் பின்னரே வருகிறது. அலை இயற்கையுடையது, கப்பலின் நிலையாமையோ கணக்கேட்டிலிருந்து பிறந்தது.

‘இன்ஃபெர்னோவின்’ 138 மாடிக் கோபுரத்தில் தீ 81ஆம் மாடியில் தொடங்குகிறது. கட்டடக்கலைஞர் வரையறுத்த தரத்திலான மின்கம்பிகள் பொருத்தப்படவில்லை. செலவைக் குறைக்க மின்பணி ஒப்பந்தக்காரரும் உரிமையாளரின் மருமகனுமான சிம்மன்ஸ் செய்த வேலை அது. தீயின் செய்தி எட்டிய பின்னரும் 135ஆம் மாடியின் விருந்து உடனே கலைக்கப்படுவதில்லை.

‘எர்த்குவேக்’ படத்தில் இளம் ஆய்வாளர் ஒருவர் பெருநடுக்கத்தை முன்னறிகிறார். மக்களிடையே பீதி பரவுமோ, கணிப்பு பொய்க்குமோ என்று மூத்தோர் தயங்குகின்றனர். இப்படத்தின் அணை உடைப்புக் காட்சி வெறுங்கற்பனை அன்று. 1971 பிப்ரவரி 9இல் நிகழ்ந்த சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்தில் வான் நார்மன் கீழணை உடையும் நிலைக்குச் சென்றது. அணையின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்த ஏறத்தாழ 80,000 பேர் வெளியேற்றப்பட்டனர். லாஸ் ஏஞ்சலிஸ் பார்வையாளர் மூன்றாண்டுகளுக்கு முன் தப்பிய இடரையே திரையில் கண்டனர்.

இவ்வெச்சரிக்கைகள் பார்வையாளரை அறிந்தவராக ஆக்குகின்றன. விருந்தில் ஆடுவோர் அறியாததை அரங்கில் அமர்ந்திருப்போர் அறிவர். இப்படங்களின் பதற்றம் தீயிலிருந்தன்று, இவ்வறிவு வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

அச்சமும் பெருமிதமும்

இவ்வகைமையின் ஈர்ப்பை அச்சம் என்னும் ஒரே மெய்ப்பாட்டால் விளக்கவியலாது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பெருமிதத்துக்குக் கல்வியையும் அஞ்சாமையையும் புகழையும் கொடையையும் நிலைக்களன்களாகக் கூறுகிறது. ஷெல்லி வின்டர்ஸ் ஏற்ற பெல் ரோசன் பாத்திரத்தை இக்கண்கொண்டு நோக்கலாம். தன் பருமனே பிறர்க்குச் சுமை என நாணும் முதியவள், இளமையில் நீரடி நீச்சலில் பரிசு பெற்றவள். மூழ்கிய பகுதியில் சிக்கிய பாதிரியார் ஸ்காட்டை நீந்திச் சென்று மீட்டபின் இதயம் நின்று மாள்கிறாள். பயின்ற கலையும் துணிவும் உயிர்க்கொடையும் ஒருங்கே அமையும் இக்காட்சி, கப்பல் கவிழும் காட்சியினும் ஆழமாக மனத்தில் தங்குகிறது. யார் பயனற்றவர் என முன்பகுதியில் எண்ணினோமோ அவ்வெண்ணத்தைத் திருத்துவதே இதன் பணி.

இறப்பின் கணக்கு

தீயோர் மாள்வர், நல்லோர் பிழைப்பர் என்பது இப்படங்களின் விதி எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. சான்றுகள் இதனை முழுமையாக ஆதரிக்கவில்லை. ‘இன்ஃபெர்னோவில்’ சிறுவரைக் காத்த லிசொலெட், வெளிப்புற மின்தூக்கியிலிருந்து விழுந்து மாள்கிறார். அவரை ஏமாற்ற வந்து பின் காதலுற்ற மோசடிக்காரர் பிழைக்கிறார். அவர் கைக்கு எஞ்சுவது லிசொலெட்டின் பூனை மட்டுமே. ‘எர்த்குவேக்’ நாயகன் காதலியுடன் தப்பும் வாய்ப்பிருந்தும் மனைவியைக் காக்கத் திரும்பி வெள்ளத்தில் மறைகிறான். ‘போசைடனில்’ மேலேறப் புறப்பட்ட பதின்மருள் அறுவரே மீள்கின்றனர். வழிகாட்டிய ஸ்காட் அவர்களுள் இல்லை. அறக்கணக்கை எதிர்பார்க்கச் செய்து பின் அதனைப் பிழைபடச் செய்வதே சிறந்த படங்களின் இயல்பு. பேரிடரில் மாண்டோர் ஏதோ வகையில் அதற்குரியவர் என்னும் கொடிய எண்ணத்துக்கு அவை இடந்தருவதில்லை.

பொறுப்பு யாருடையது?

எச்சரிக்கையில் காட்டும் கூர்மையை இவ்வகைமை பொறுப்பில் காட்டுவதில்லை. ‘போசைடன்’ கவிழ்ந்தபின் கப்பல் உரிமையாளரைப் பற்றிய வினா கதையில் எழுவதில்லை. நீரும் தீயும் கதையை நிரப்ப, கணக்கேடு மறைகிறது. ‘இன்ஃபெர்னோ’ சற்றே வேறுபடுகிறது. குற்றஞ்சாட்டப்படும் சிம்மன்ஸ், செலவைக் குறைக்கச் சொன்னவர் உரிமையாளர் டங்கனே என்று திருப்பிக் கேட்கிறான். ஆயினும் இறுதியில் விழுந்து மாள்பவன் சிம்மன்ஸ், டங்கன் பிழைக்கிறார். ஒரு கோழையின் சாவு பார்வையாளர்க்கு நிறைவளிக்கிறது. அந்நிறைவு, ஒரு நிறுவனத்தின் வழக்கத்தை ஒருவனது குணக்கேடாகச் சுருக்கிவிடுகிறது.

இவ்வரம்பை மீறும் முயற்சியும் அப்படத்திலேயே உள்ளது. ஏழாம் மாடிக்கு மேல் எழும் தீயைத் திறம்பட அணைக்கவியலாது என அறிந்தும் உயரக் கட்டுகிறீர்களே என்று தீயணைப்புத் தலைவர் கட்டடக்கலைஞரிடம் முன்பே இடித்துரைக்கிறார். நாயகனான அக்கலைஞரும் இங்குக் குற்றத்தின் வட்டத்துக்குள் வருகிறார். இறுதிக் காட்சியில், எவ்வாறு கட்டவேண்டும் என்று எங்களைக் கேட்கும்வரை உடல்களைச் சுமந்துகொண்டே இருப்போம் என்னும் பொருள்படத் தலைவர் கூற, கலைஞர் கேட்க முன்வருகிறார். புறக்கணிக்கப்பட்ட எச்சரிக்கையில் தொடங்கிய கதை, செவிமடுக்கப்படும் எச்சரிக்கையில் முடிகிறது.

முடிவுரை

பேரிடரை இயற்கையின் சீற்றம் எனப் பெயரிடும்போது அதற்கு முந்தைய முடிவுகள் பார்வையிலிருந்து நீங்குகின்றன. வணிக நோக்கில் எடுக்கப்பட்டனவாயினும் இம்மூன்று படங்களும் அம்முடிவுகளைக் கதையின் தொடக்கத்திலேயே நிறுத்தின. நிலைப்பாரமும் மின்கம்பியும் வெளியிடத் தயங்கிய கணிப்பும் அலைக்கும் தீக்கும் நடுக்கத்துக்கும் முன்னரே பேசப்பட்டன. இதுவே இம்மரபின் வலிமை. அம்முடிவுகளை ஒருவனது தண்டனையோடு அல்லது மௌனத்தோடு முடித்தது அதன் குறை. ஆகவே, பேரிடர்த் திரைப்படத்தை மதிப்பிடுவோர் அழிவுக் காட்சியின் அளவை நோக்குவதோடு அமையாது, முதற்பகுதியில் எழுந்த வினா இறுதிவரை உயிரோடிருக்கிறதா என்பதையும் நோக்குதல் வேண்டும். அவ்வளவுகோலில் ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’, அதன் குறைகளோடும், ஏனைய இரண்டினும் உயர்ந்து நிற்கிறது.