ஹரிதாஸுக்குப் பிறகு

1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்த ஓட்டத்தின் பெரும்பகுதியில் அதன் கதாநாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர் சிறையில் இருந்தார். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, ஆயுள் தண்டனை பெற்று, வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-இல்தான் விடுதலையானார். சிறைதான் அவரை வீழ்த்தியது என்பது வழக்கமான முடிவு. நாயகன் உள்ளே இருக்கும்போதே கொட்டகையை நிறைத்த ஜனங்களை நினைத்தால், அந்த முடிவை ஏற்க மனம் வரவில்லை.

அதே வழக்கில் சிறை சென்று திரும்பிய கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், அண்ணா எழுதிய 'நல்லதம்பி'யில் (1949) நடித்தார். 'மணமகள்' (1951) படத்தை இயக்கினார். கலைவாணரின் பலம் பேச்சு. காலமும் பேச்சின் பக்கம் சாய்ந்திருந்தது. பாகவதர் 'பவளக்கொடி'யில் (1934) அறிமுகமானபோது ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஐம்பது பாட்டு. பாடத் தெரியாதவருக்கு நாயகன் வேடமே கிடையாது. அவர் வெளியே வந்தபோது பின்னணிப் பாடகர்கள் வந்துவிட்டார்கள். 1952-இல் அவருடைய 'அமரகவி'யும் 'சியாமளா'வும் வந்தன. அந்த ஆண்டு தீபாவளிக்கு 'பராசக்தி'. அதில் சிவாஜி கணேசன் வசனத்தைச் சொந்தக் குரலில் முழங்கினார், பாட்டுக்கு சி.எஸ். ஜெயராமன் குரல் கொடுத்தார். பாகவதரிடம் ஒன்றாக இருந்தது இரண்டாகப் பிரிந்து, அதில் பேச்சு முந்திக்கொண்டது.

இதற்கு முன்பே புனேயில் படமாக்கிய பாகவதரின் 'ராஜமுக்தி' (1948) தோற்றிருந்தது. அதற்கு வசனம் எழுதப்போன புதுமைப்பித்தன் காசநோயோடு திரும்பி, படம் வெளிவரும் முன்பே இறந்துபோனார். தமிழிலக்கியத்துக்கு அந்தப் படத்தால் வந்த நஷ்டம் வசூல் கணக்கில் அடங்காது.

இருபது வருஷம் முன்பு பாகவதர் நடித்த அம்பிகாபதி வேடத்தில் 1957-இல் சிவாஜி நடித்தார். அதே ஆண்டில் பாகவதர் 'புதுவாழ்வு' படத்தைத் தாமே இயக்கி, தாமே நாயகனாக நின்றார். மார்க்கெட் சரியும்போது சொந்தப் படம் எடுப்பதும் தானே இயக்குவதும் நம் நடிகர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் வழி. சாவித்திரிக்கு 'பிராப்தம்' (1971) அப்படித்தான் கையைச் சுட்டது.

பாட்டுக்கே காலம் முடிந்துவிட்டதா என்றால், கே.பி. சுந்தராம்பாள் அதை மறுக்கிறார். கணவர் கிட்டப்பாவை இழந்தபின் 'பக்த நந்தனார்' (1935) படத்தில் ஆண்வேடமிட்டவர், பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 'ஔவையார்' (1953) படத்துக்கு வந்தார். வயது ஏறக்குறைய நாற்பத்தைந்துதான். நரைமுடியும் கைத்தடியுமாக, சொந்தக் குரலில் பாடினார். ஜெமினி வாசன் எடுத்த அந்தப் படம் பெரும் வெற்றி. காதலனின் வாயிலிருந்து கேட்க விரும்பாத கர்நாடக சங்கீதத்தை அதே ஜனங்கள் கிழவியின் வாயிலிருந்து விரும்பிக் கேட்டார்கள். 'திருவிளையாடல்' (1965) வந்தபோதும் ஔவை அவர்தான். பழனி மலைக்குக் கோபித்துப்போன முருகனைப் பாடிச் சமாதானம் செய்யும் இடத்தில் வேறு எந்தக் குரலையும் யாரும் எதிர்பார்க்கவில்லை.