பையில் இருந்த இறகு

மலேசியாவின் சிம்பாங் பூலாய் சந்திப்பில் ஒரு சாப்பாட்டுக் கடை. இரவு பதினொரு மணிக்கு மாமனும் மருமகனும் ஒரு பெண்ணின் சாவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமன் சுண்ணாம்புக்கல் குவாரியில் லோரி ஓட்டுபவர். சட்டைக் காலரில் அன்றைய வெள்ளைத் தூசி அப்படியே இருந்தது. மருமகன் கல்லூரி மாணவன்.

"செத்தவங்கள எழுப்புற எறகு நம்ம பையில தொண்ணூத்தொம்போது கெடக்கு மாமா. அதுல ஒண்ண எடுத்து அந்தப் பொண்ணு மேல வைக்க ஒருத்தனுக்குமா தோணல?"

மாமன் பதில் சொல்லவில்லை. தே தாரேக் ஆறிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் ஏரித். 1997இல் வந்த 'ஃபைனல் ஃபேண்டஸி 7' விளையாட்டில் வில்லன் செஃபிரோத்தின் வாளுக்கு இரையாகிறவள். இறகு என்பது ஃபீனிக்ஸ் டவுன். சண்டையில் விழுந்த தோழரை எழுப்பும் பொருள், கடையிலேயே விற்கும். ஆட்டக்காரர் அதைப் பல மணி நேரமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார். கதையில் ஒரு உயிர் நிஜமாகவே போகும்போது மட்டும் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கணினிக் கதைகளின் ஓட்டைகளைப் பற்றி உலகம் முழுதும் நடக்கும் வாதங்களில் இதுவே மிகப் பிரபலமானது என்பேன். கால் நூற்றாண்டு தாண்டியும் அது ஓயவில்லை.

இந்த வாதங்களைப் பொழுதுபோகாதவர்களின் குற்றம் காணும் வேலை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இதற்கு வேண்டிய கருவி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. சொல்லிலக்கணம் படித்தவர்களுக்கு வழு தெரியும், வழாநிலை தெரியும், இரண்டுக்கும் நடுவே வழுவமைதி என்ற அழகான இடமும் தெரியும். வீடு திரும்பும் பசுவைப் பார்த்து மகிழ்ச்சியில் 'அம்மா வந்துவிட்டாள்' என்கிறோம். விதிப்படி அது திணை வழு. ஆனால் உவகை என்ற காரணம் இருப்பதால் இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறது. விதி மீறப்பட்டதா என்று கேட்பதோடு நம் இலக்கணக்காரர்கள் நிற்கவில்லை. எதற்காக மீறப்பட்டது என்றும் கேட்டார்கள். கதை ஓட்டைகளிடமும் அதையேதான் கேட்க வேண்டும்.

இதே வரிசையில் 1992இல் வந்த ஐந்தாம் பாகத்தைப் பாருங்கள். கலூஃப் என்ற முதியவர் தம் பேத்தியையும் தோழர்களையும் காப்பாற்றத் தனியாளாக வில்லன் எக்ஸ்டெத்தை எதிர்க்கிறார். உயிர் எண் பூஜ்யத்துக்கு இறங்குகிறது. அதுவரை விளையாட்டு நமக்குப் பழக்கிய விதிப்படி அவர் அங்கேயே சாய வேண்டும். சாயவில்லை. பூஜ்யத்தோடு நின்று அடித்துக்கொண்டே இருக்கிறார். திரையில் தெரியும் எண்ணும் திரையில் நடக்கும் செயலும் ஒன்றையொன்று மறுக்கின்றன. சண்டை முடிந்து அவர் விழுந்ததும் தோழர்கள் குணமாக்கும் மந்திரத்தை ஓதுகிறார்கள், உயிர்ப்பிக்கும் மந்திரத்தை ஓதுகிறார்கள், அதே ஃபீனிக்ஸ் டவுனையும் எடுத்து வைக்கிறார்கள். எதுவும் பலிக்கவில்லை. பையில் இருந்த இறகை நாம் நினைப்பதற்கு முன்பே கதை நினைத்துவிட்டது. பூஜ்யத்தில் நின்ற கிழவரை வழு என்று சொல்ல எனக்கு மனம் வராது. சுத்தமான வழுவமைதி அது.

ஐந்து ஆண்டு முன்னால் கேட்டுப் பதிலும் சொல்லிவிட்ட கேள்வியை ஏழாம் பாகம் ஏன் கேட்காமல் விட்டது? 'சண்டையில் விழுவது மயக்கம்தான், மரணமில்லை' என்று அமைதி கூறுவோர் உண்டு. ஜப்பானிய மொழியில் அந்த நிலைக்குப் போரிட இயலாமை என்றுதான் பெயர் என்பதும் அவர்களுக்குச் சாதகம். வாதம் செல்லும். ஆனால் அதைச் சொல்வது ரசிகர், காட்சி சொல்லவில்லை. உரையாசிரியர் தந்த அமைதிக்கும் மூலமே தந்த அமைதிக்கும் எடை ஒன்றாகாது.

மூலமே தந்த அமைதிக்குக் கம்பனைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. வாலிக்கு ஒரு வரம்: எதிரே நின்று போரிடுபவரின் வலிமையில் பாதி அவனுக்கு வந்துவிடும். இன்றைய ஆட்டக்காரர்களிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். கடைசிக் கட்டப் பகைவர்களுக்கு வைக்கும் விதி இது. நேரே போனால் தோல்வி, ஆகவே மறைவிலிருந்து அம்பு. காவியத்தின் அறத்தில் விழுந்த மிகப் பெரிய ஓட்டையும் அதுதான். கம்பன் அதை மூடி மறைக்கவில்லை. அம்பு பாய்ந்த வாலியின் வாயிலேயே கேள்வியை வைத்தான். அதுவும் ஒரு கேள்வியோடு நிற்கவில்லை. அடுக்கடுக்காகக் கேட்கிறான் வாலி. மறைந்து எய்ததன் காரணத்தை இராமன் சொல்லவில்லை, இலக்குவன் சொல்கிறான். அந்தப் பதில் போதாது என்று இன்றும் வாதிடலாம், வாதிடுகிறோம். 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கினார். அப்படிப்பட்ட மேடைகளிலும், கடல் கடந்து இங்குள்ள கோயில் மண்டபங்களிலும் வாலி வதம் வழக்காகவே வந்து நிற்கிறது. அந்த வழக்கைக் கேட்டு வளர்ந்தவன் என்பதால்தான் சாப்பாட்டுக் கடைச் சண்டை எனக்கு அந்நியமாகப் படவில்லை.

எந்த அமைதிக்கும் அடங்காத வழுவும் உண்டு. 2008இல் வந்த 'ஃபால்அவுட் 3' மந்திர உலகக் கதையில்லை, அணுப்போருக்குப் பிந்தைய உலகம். ஆனால் இந்த வகைக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. முடிவில் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் யாராவது ஒருவர் போய்ச் சாக வேண்டும். பக்கத்தில் ஃபாக்ஸ் என்ற ராட்சதத் தோழர் நிற்கிறார். கதிர்வீச்சு அவரை ஒன்றும் செய்யாது. முன்பு இதுபோன்ற ஒரு அறைக்குள் நமக்காகப் போய்ப் பொருள் எடுத்துத் தந்தவரும் அவரேதான்! இப்போது கேட்டால் இது உன் விதி என்று மறுத்துவிடுகிறார். கொதித்தார்கள் ஆட்டக்காரர்கள். அடுத்த ஆண்டே 'ப்ரோக்கன் ஸ்டீல்' என்ற இணைப்பு வந்தது. அதில் தோழரை அனுப்பலாம், கதையும் தொடரும். ஆனாலும் முடிவில் பேசும் குரல், தோழரை அனுப்பியவரைத் தியாகத்திலிருந்து பின்வாங்கியவராகவே பேசியது. இங்கேதான் விளையாட்டுக் கதை நாவலிலிருந்து பிரிகிறது. நாவலில் பாத்திரத்தின் முட்டாள்தனம் பாத்திரத்தோடு போய்விடும். இங்கே கையில் விடையை வைத்துக்கொண்டு தடுக்கப்பட்டு நிற்பது நாம். கதை கற்றுத்தந்த விதியை நாம் நம்பினோம், நம்பியதற்காகவே ஏமாந்தோம்.

காலத்தைப் பற்றிய ஓட்டை இன்னும் பொதுவானது. 'தி விட்ச்சர் 3'இல் வளர்ப்பு மகளைத் தேடி அலையும் கெரால்ட், ஊர் ஊராக உட்கார்ந்து க்வெண்ட் சீட்டாடலாம்; மகள் காத்திருப்பாள். கதை ஒன்று சொல்ல ஆட்டம் வேறு சொல்லும் இந்த முரணுக்கு, வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 2007இல் 'லூடோநரேட்டிவ் டிஸோனன்ஸ்' என்று பெயர் வைத்தார். அவர் பேசியது 'பயோஷாக்' பற்றி. சரி, காலத்தை உண்மையாகவே ஓடவிட்டால் என்ன? 1997இல் வந்த முதல் 'ஃபால்அவுட்' விட்டது: 150 நாளுக்குள் தண்ணீர்ச் சில்லைக் கொண்டுவராவிட்டால் ஊரே அழியும். அடுத்த கட்டத்துக்கும் ஒரு கெடு இருந்தது. ஆட்டக்காரர்களுக்கு அது பிடிக்காமல் போக, பின்னர் வந்த திருத்தம் இரண்டாவது கெடுவைத் தளர்த்தியது. அவசரம் வேண்டும் என்பவர்களும் ஆற அமர உலகைச் சுற்ற வேண்டும் என்பவர்களும் பல நேரம் ஒரே ஆட்கள்தாம். இந்தக் கணக்கை இன்னும் யாரும் நேர் செய்யவில்லை.

ஓட்டை வேறு, விடுபட்ட இடம் வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சிம்பாங் பூலாய் சந்திப்பிலிருந்து பத்து காஜா போகும் வழியில் கெல்லி கோட்டை நிற்கிறது. ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கிய மாளிகை. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் பாதியில் நின்றது. கட்டியவர்களில் தமிழர் பலர். நோய் வந்து ஆட்கள் மடிந்தபோது அவர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலின் கூரையில் கெல்லியின் உருவமும் இருக்கிறது. வராத லிஃப்டுக்கு விட்ட குழி, எங்கே போகிறதென்று ஆளுக்கொன்று சொல்லும் சுரங்கம், இரவில் நடப்பதாகச் சொல்லப்படும் உருவம். முடியாத வீட்டை ஊர் தன் வாயால் கட்டி முடித்துக்கொண்டிருக்கிறது. விடுபட்ட இடம் அப்படித்தான், நம்மை உள்ளே வரச் சொல்லும். வழுவோ உள்ளே இருப்பவரை வெளியே தள்ளும்.

அன்றிரவு கடையில் மாமன் கடைசியாகத்தான் வாய் திறந்தார். ஏரித்துக்கென்றே ஒரு உச்ச வித்தை உண்டு, 'கிரேட் காஸ்பெல்'. சாகப் போகிறவளுக்கு அதைச் சம்பாதித்துக் கொடுக்கவும் விளையாட்டு நம்மை விடும். பையனாக இருந்தபோது நாள்கணக்கில் உட்கார்ந்து அவர் அதை எடுத்துக் கொடுத்திருந்தாராம்.

"எறகு வேல செய்யாதுடா. வச்சுப் பாத்து வேல செய்யலன்னா பரவால்ல. வச்சுப் பாக்கக்கூட விடல பாரு, அதான்."

அவள் குழுவை விட்டுப் போவதற்கு முன் சேமித்த ஆட்டம், பழைய மெமரி கார்டு ஒன்றில் அவரிடம் இன்னும் இருக்கிறது. அதற்கு மேல் அந்த ஆட்டத்தை அவர் நகர்த்தவே இல்லை.