கரிசல் உழவரின் தேவையும் பருத்தி விதை வணிகமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசலில் பருத்தி பெரிதும் மானாவாரிப் பயிராகவே, அதாவது பாசனமின்றி வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கப்படும் பயிராகவே இருந்து வந்துள்ளது. இந்நிலத்து உழவரும் விதை நிறுவனங்களின் வாடிக்கையாளரே. ஆயினும் விதையை உருவாக்கியபோது அவருடைய தேவை எந்த அளவுக்குக் கருதப்பட்டது என்பது ஆராயத்தக்கது.

2002-இல் இந்தியாவில் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி, மண்வாழ் பாக்டீரியா ஒன்றின் மரபணுவை ஏற்று, காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைத் தன்னுள்ளேயே உண்டாக்குவது. மருந்துச் செலவால் நொடிந்த உழவருக்கு அது மெய்யாகவே உதவியது. இதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அப்பண்பு வீரிய ஒட்டு ரகங்களில், அதாவது இரு வேறு பெற்றோர் வழிகளைக் கலந்து பெறும் முதல் தலைமுறை விதைகளில் ஏற்றியே விற்கப்பட்டது. அறுவடையில் எடுத்து வைக்கும் விதை அதே வீரியத்தைக் காட்டாது என்பதால், உழவர் ஆண்டுதோறும் கடைக்கு வர வேண்டியதாயிற்று. விதையின் விலை கூடியதால் இடைவெளி விட்டுக் குறைவான செடிகளையே நட முடிந்தது. குறைந்த செடிகளில் நிறைந்த காய்கள் வேண்டுமெனில் பயிர் நெடுநாள் நிற்க வேண்டும். பாசன நிலத்தில் இது இயலும். மார்கழிக்குப் பின் ஈரம் வற்றும் கரிசலிலோ பிந்திய காய்கள் திரளாமலே போகின்றன. நல்ல மழையாண்டின் உச்ச விளைச்சலைக் காட்டிலும், மழை பொய்த்த ஆண்டில் போட்ட முதலேனும் திரும்புவதே மானாவாரி உழவருக்கு முதன்மையானது. சராசரி விளைச்சலை அளவுகோலாகக் கொண்ட சோதனையில் அத்தேவை மறைந்துவிடுகிறது.

பழைய கருங்கண்ணிப் பருத்தி வறட்சியையும் சாறுண்ணிப் பூச்சிகளையும் தாங்கியது. எனினும் அதன் காய் சிறியது, பறிக்கும் கூலி அதிகம், இழையும் குட்டை. நீண்ட இழை வேண்டும் நூற்பாலைகள் அதற்கு நல்ல விலை தருவதில்லை. ஆலையும் வாடிக்கையாளரே என்பதால், பழைய விதைக்குத் திரும்புவது மட்டும் தீர்வாகாது. 1901-இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் கே.சி. 2, கே.சி. 3 ஆகியவை ஆலை விரும்பும் அமெரிக்கப் பருத்தி இனத்தை மானாவாரிக்கு ஏற்பச் செப்பனிட்ட ரகங்கள். ஒட்டு விதைகளாக அல்லாமல் தூய ரகங்களாக இருப்பதால் இவற்றின் விதையை உழவரே சேமித்து மறு ஆண்டு விதைக்கலாம். அதனாலேயே இவற்றில் தனியார் விற்பனையாளருக்கு ஆண்டுதோறும் வருமானம் இல்லை. ஆகவே இவற்றை மேம்படுத்தும் பணியை அரசு நிலையங்களே சுமக்க நேர்கிறது; மழையை நம்பிய உழவரின் தேவைக்கு அந்நிலையங்களின் நிதி ஒதுக்கீடே எல்லை வகுக்கிறது.