ஊசிக்கு யார் கொடுத்த பெயர்?

எனக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், சுருக்கமா எம்.எஸ். எட்டு வாரம் அக்குபங்சர் செய்துகொண்டேன். சோர்வும் கால் இறுக்கமும் குறைந்தது உண்மைதான். "பாத்தீங்களா, ஊசி வேலை செய்யுது" என்றார் சிகிச்சையாளர். அந்த "பாத்தீங்களா"தான் எனக்கு இடிக்கிறது.

எம்.எஸ்.ஸில் நம் நோயெதிர்ப்பு மண்டலமே நரம்புகளின் மையலின் உறையைத் தாக்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஆரம்பத்தில் நோய் ஏறும், பிறகு தணியும். நாம ஊசி தேடிப் போவது ஏறியிருக்கும்போது. அடுத்து எப்படியும் கொஞ்சம் இறங்கும்; பெயர் ஊசிக்குப் போய்விடும்.

இதைப் பிரித்துப் பார்க்கத்தான் போலி ஊசி ஒப்பீடு. நாள்பட்ட முதுகுவலி உள்ள 1,162 பேரிடம் ஜெர்மனியில் நடந்து, 2007இல் வெளியான ஆய்வு நல்ல உதாரணம். முறையான அக்குபங்சரில் 47.6% பேருக்குப் பலன். புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியதில் 44.2%. வழக்கமான சிகிச்சையில் 27.4%. ஆக, குத்திக்கொண்டவர்களுக்குப் பலன் இருந்தது. எந்தப் புள்ளியில் குத்தினார்கள் என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. அமைதியாகப் படுத்திருப்பது, ஒருவர் அக்கறையாகக் கேட்பது, நம் எதிர்பார்ப்பு, இதெல்லாம் வேலை செய்திருக்கலாம். எம்.எஸ். சோர்வையும் நாம் சொல்வதை வைத்துத்தானே அளக்கிறார்கள்? போலி ஊசி ஒப்பீடு இல்லாத ஆய்வை எப்படி நம்புவது?

சோர்வு குறைஞ்சா லாபம்தானே என்பீர்கள். ஆமாம், நானே இன்னும் போகிறேன். ஆனால் ஒருநாள் "இனிமே மாத்திரை எதுக்கு?" என்று கேட்டார். அங்கேதான் ஆபத்து. உடம்பு லேசாக இருக்கும் நாளிலும் மூளையில் புதுத் தழும்பு விழலாம். அதை எம்.ஆர்.ஐ. காட்டும், என் கால் சொல்லாது. மாத்திரையை நிறுத்தவில்லை.