ஒரே பெயர், இரு வழக்காளர்: 'ரமணி வெர்சஸ் ரமணி' தொடரில் விளியும் நகையும்

திறவுச்சொற்கள்: தொலைக்காட்சித் தொடர், விளி, பெயர் விலக்கு, நகை, காரைக்கால்

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நெடுந்தொடர்களையே எடுத்துக்கொள்கின்றன. பல ஆண்டுகள் ஓடியவை என்பதால் அவற்றுக்குச் சான்றுகள் மிகுதி. குறுகிய காலமே ஓடிய குடும்ப நகைச்சுவைத் தொடர்கள் நினைவில் நிற்கின்றனவே தவிர, ஆய்வுப்பொருளாக அரிதாகவே ஆகின்றன. கவிதாலயா தயாரிப்பில் நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' அத்தகையது. 1998இல் பப்லு பிருதிவிராஜும் வாசுகியும், 2001இல் ராம்ஜியும் தேவதர்ஷினியும் கணவன் மனைவியராக நடித்தனர். இருவர் பெயரும் ரமணி. தலைப்பிலேயே சொல்லப்பட்டுவிடும் இந்த ஒற்றுமை வெறும் வேடிக்கை எனக் கடந்து செல்லத்தக்கதன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இக்கருத்து தோன்றிய இடம் நூலகம் அன்று. காரைக்கால்மேட்டில் ஒரு வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் பலர் கூடி இத்தொடரைப் பார்த்த மாலையொன்றில், மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர், "புருசன் பேரும் ரமணின்னா, இவ தன் பேர எப்படிச் சொல்லுவா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். கணவன் பெயரைச் சொல்லாமை என்னும் மரபு முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டால், இத்தொடரின் நாயகி தன் பெயரையே இழந்துவிடுவாள். அம்மூதாட்டி கேட்டது நகைச்சுவை அன்று, இலக்கணச் சிக்கல்.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் விளிக்கென்றே ஓர் இயலை ஒதுக்கியுள்ளது. அதன்படி இகர ஈற்று உயர்திணைப் பெயர் விளியில் ஈகாரமாகும். ஐகார ஈறு ஆய் ஆகும். நம்பி 'நம்பீ' ஆவான். நங்கை 'நங்காய்' ஆவாள். இவ்விணையில் விளியின் ஈறே ஆணையும் பெண்ணையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. 'ரமணீ' என்னும் விளியில் அப்பிரிப்பு இல்லை. புல்லாங்குழற் கலைஞர் என். ரமணியும் புதின ஆசிரியர் ரமணிசந்திரனும் ஒரே சொல்லைத் தாங்கி நின்றதைத் தமிழர் வியப்பின்றி ஏற்றனர். தொடர் செய்தது, அவ்வாறு இருபாலுக்கும் பொதுவாகக் கிடந்த பெயரை ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்ததே. விளைவு சிறிதன்று. 'என்னங்க' என்று மேல்நோக்கியும் 'இந்தா புள்ள' என்று கீழ்நோக்கியும் செல்லும் தம்பதியர் விளிகளுக்கு நடுவே, இருபுறமும் ஒரே எடையுள்ள ஒரு சொல் வந்து அமர்கிறது. (முதற்பகுதி நாயகியின் இயற்பெயர் வாசுகி என்பது தற்செயலே. ஆயினும், கணவன் அழைத்ததும் கிணற்றுக் கயிற்றை அப்படியே விட்டு ஓடிவந்த வள்ளுவர் மனைவியின் கதையை இங்கு நினையாதிருக்க இயலவில்லை.)

தலைப்பின் மறுபாதி நீதிமன்றத்துக்கு உரியது. 1979இல் வெளிவந்த 'கிரேமர் வெர்சஸ் கிரேமர்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை அது நினைவூட்டுகிறது. அங்கும் இரு தரப்புக்கும் ஒரே பெயர். ஆனால் அது கணவனின் குடும்பப்பெயர். திருமணத்தால் மனைவிக்கு வந்தது. வழக்காடும்போதும் அவள் அவன் பெயரிலேயே வழக்காடுகிறாள். தமிழ்த் தொடரிலோ எவரும் எவருக்கும் பெயர் தரவில்லை. இருவரும் தத்தம் பெயரோடு வந்தவர்கள்.

இவ்வேறுபாடு காரைக்கால் வாசகருக்கு எளிதில் புலப்படும். பிரெஞ்சு ஆட்சியில் 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்படி தம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றோர் தலைமுறை தோறும் தொடரும் குடும்பப்பெயரைத் தேர்ந்துகொண்டனர். தந்தை பெயரின் முதலெழுத்தோடு நின்ற தமிழ்ப் பெயரமைப்பும், வழிவழி வரும் குடும்பப்பெயரும் இங்கு அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தன. அதற்கும் முற்பட்ட பெயர்க்கதை ஒன்றும் இவ்வூருக்கு உண்டு. சேக்கிழார் கூறும் வரலாற்றில், புனிதவதியாரை அஞ்சிப் பிரிந்த பரமதத்தன் பாண்டிநாட்டில் மறுமணம் செய்து, பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே இடுகிறான். மனைவியை இனி மனைவியாக விளிக்க அவனால் ஆகாது. ஒரு பெயர் இருவருக்காகும்போது உறவே மாறிவிடுகிறது என்பதைக் காரைக்கால் முன்பே அறியும்.

இனி நகை. மெய்ப்பாட்டியல் நகைக்கு நிலைக்களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்கிறது. தமிழ்த் திரை நகைச்சுவையில், குறிப்பாக மனைவியைப் பற்றியதில், எள்ளலே ஓங்கியிருப்பதை எவரும் காணலாம். எள்ளுதற்கு ஒருவர் மேல்நிலையில் நின்றாக வேண்டும். சமமான விளி அந்த மேட்டை அகற்றிவிடுகிறது. எஞ்சுவது மடன், கொண்டதை விடாமை என்னும் பொருளில். இரு ரமணிகளும் பிடித்த பிடியை விடாதவர்கள். சிறு பிணக்கு எழுந்து தணிவதே தொடரின் கதை அலகு. அதற்குள் வில்லத்தனத்துக்கு இடமில்லை.

தொடர் நீடிக்காமைக்கும் இதுவே காரணங்களுள் ஒன்று எனலாம். 1999இல் தொடங்கிய 'சித்தி'க்குப் பின் நாள்தோறும் ஒளிபரப்பாகும் நெடுந்தொடரே தமிழ்த் தொலைக்காட்சியின் முதன்மை வடிவமாயிற்று. தணிந்த பிணக்கு அடுத்த நாளுக்குப் பார்வையாளரை அழைத்து வராது. 'சித்தி' என்னும் தலைப்பையும் நோக்குக: அது உறவுமுறைச் சொல். அங்கே பெண் யாருக்கு யார் என்பதால் அறியப்படுகிறாள்; உறவுகள் பெருகப் பெருகக் கதையும் நீள்கிறது. இரு இயற்பெயர்களை மட்டும் கொண்ட வீட்டில் அத்தகைய முதலீடு இல்லை. 2022இல் ஆஹா தளத்தில் வந்த மூன்றாம் பகுதி, இரண்டாம் பகுதிக் கணவர் ராம்ஜியையும் முதற்பகுதி மனைவி வாசுகியையும் இணைத்தது. நடிகர் மாறினும் தொடர் மாறவில்லை. தொடரைத் தாங்குவது பெயரே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனினும் விளியின் சமன்மையை வாழ்வின் சமன்மை எனக் கொள்ளுதல் பிழை. இத்தொடரின் உலகம் நகர நடுத்தரக் குடும்பத்தினது. காரைக்கால்மேட்டில் ஆண் கடலுக்குச் செல்ல, மீனை விலைபேசி விற்றுப் பணத்தைக் கையாள்பவள் பெண். பொருளியலில் அவள் நாயகி ரமணிக்குக் குறைந்தவள் அல்லள். ஆனால் பதிவேட்டின் முன் அமர்ந்த அலுவலர் கணவன் பெயரைக் கேட்டால், அவள் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கிறாள், பிள்ளை சொல்கிறது.